அப்பா கொண்டுவந்த சிவப்புச் சட்டை

எங்கள் ஊர் ஹார்லோவில் டாக்டர் இல்லை. இருந்த ஒருவரும் இரண்டு குளிர்காலம் தாக்குப்பிடித்துவிட்டு மனைவியின் ஊருக்குப் போய்விட்டார். அதனால் நான் மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறேன் என்று பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் ஒரு வரி ஏறியதும் ஊர் என்னிடம் அனுமதி கேட்காமலேயே என்னை டாக்டராக்கிவிட்டது.

பெட்ரோல் பங்கை ஒட்டிய கடையில் காலையில் காபி குடிக்க வரும் கூட்டம் ஒன்று உண்டு. நான் அங்கே பால் வாங்கப் போனால் தபால்காரர் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டுவார்.

"டெல், இந்த மச்சத்தக் கொஞ்சம் பாரும்மா. பெருசாயிருக்கா?"

"நான் இன்னும் பள்ளிக்கூடமே முடிக்கல."

"அதனால என்ன? கண்ணு இருக்குல்ல?"

பால் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் இன்னொருவர் நாக்கை நீட்டுவார். அவர்களை நான் வெறுத்தேன். பாசமாகத்தான் செய்கிறார்கள் என்று அம்மா சொல்வாள். தண்ணீர்க் குழாயின் மீதும் அவர்களுக்கு அந்தப் பாசம் உண்டு.

இதில் முதல் ஆள் ஜேனல் ஓல்ட்மன்ஸ். ஊர் மருத்துவமனைக் குழுவின் தலைவி. அவள் மகன் கோல்பி என் வகுப்பு. அவள் என்னைக் கடைத்தெருவில் நிறுத்தி, பழைய டாக்டர் வீட்டை எனக்காகப் பூட்டி வைத்திருப்பதாகச் சொன்னாள்.

"சமையலறைக்கு என்ன பெயின்ட் அடிக்கட்டும்? மஞ்சள் பிடிக்குமா?"

எனக்கு வயது பதினேழு.

விஷயம் இதுதான். மாநில மருத்துவக் கல்லூரி கிராமப்புறப் பிள்ளைகளுக்காக ஒரு திட்டம் வைத்திருக்கிறது. பள்ளி முடிக்கும்போதே மருத்துவக் கல்லூரியில் ஓர் இடத்தை நம் பெயருக்கு ஒதுக்கிவிடுவார்கள். நான்கு வருஷப் பட்டப்படிப்பை மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேற்கு வளாகத்தில் படிக்க வேண்டும், மதிப்பெண் குறையக் கூடாது, டாக்டரானதும் கிராமத்துக்குத் திரும்ப வேண்டும். நேர்காணலுக்குப் போனவர்களில் எங்கள் மாவட்டத்துக்கு இருந்த ஒரே இடம் எனக்குக் கிடைத்தது. நான் வேண்டாம் என்றால் அது கோல்பிக்கு. நான் வேறு எந்த வளாகத்தில் சேர்வதாக உறுதி செய்தாலும் அது கோல்பிக்குத்தான்.

மறுபக்கம் பெரிய வளாகம். தலைநகரத்தில் இருப்பது. இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் மாநிலம் முழுக்கச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கும்பிடுவது அதன் கால்பந்து மைதானத்தைத்தான். அங்கேயும் எனக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கே போனால் எந்த நிபந்தனையும் இல்லை, எந்த உத்தரவாதமும் இல்லை. நான்கு வருஷம் படித்து, நுழைவுத் தேர்வு எழுதி, மற்ற எல்லோரோடும் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் விழலாம்.

எனக்கு டாக்டராக வேண்டும். ஹார்லோவுக்குத் திரும்ப வேண்டாம். இரண்டையும் ஒன்றாகத் தர மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகமும் இல்லை.

பெரிய வளாகத்தைப் பார்க்க அப்பாதான் அழைத்துப் போனார். அவர் பெயர் கர்ட் ஷ்ரேடர். பயிர்க் காப்பீடு விற்பவர். வாரக் கடைசிகளில் பள்ளிக்கூடக் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவர். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையும், யாராவது தவறு செய்தால் வீசுவதற்குப் பின்பாக்கெட்டில் மஞ்சள் துணியுமாக ஓடி ஓடியே இடது முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். பக்கத்து ஊர் அணிக்குப் பயிற்சி கொடுத்த சொந்தத் தம்பியை, கெட்ட வார்த்தை பேசினான் என்று மைதானத்தை விட்டு வெளியேற்றியவர். சித்தப்பா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. "தப்புன்னா தப்பு. எவன் பண்ணினா என்ன?" என்று அப்பா இன்றைக்கும் சொல்வார்.

அங்கே ஓர் ஆலோசகர் சிவப்பு டை கட்டிக்கொண்டு எங்களுக்குப் படம் போட்டுக் காட்டினார். "எங்க மாணவர்கள்ல மருத்துவக் கல்லூரிக்கு மனு போடறவங்கள்ல பாதிக்கு மேல உள்ள போயிடறாங்க."

நான் கையைத் தூக்கினேன். "மனு போடறவங்க சரி. டாக்டராகணும்னு முதல் வருஷம் வர்றவங்க எத்தனை பேரு?"

"அப்படிப் பாத்தா... பலருக்கு ஆர்வம் மாறிடும்."

"எத்தனை பேருக்கு மாறும்?"

"அந்தக் கணக்கு நாங்க வெச்சுக்கறதில்லை."

அப்பா முழங்கையால் என்னை இடித்தார். "இங்க வந்து வக்கீல் வேலை பாக்காத."

பிறகு வேதியியல் வகுப்பு நடக்கும் கூடத்துக்குப் போனோம். எங்கள் ஊர்த் தேவாலயத்தைப் போல இரண்டை உள்ளே வைக்கலாம். அப்பா படிகளில் இறங்கி, சுவரோரம் ஒரு நாற்காலியைத் தொட்டார்.

"நான் இங்கதான் உட்காருவேன்."

அது எனக்குத் தெரிந்த கதை. மாட்டு டாக்டராக வேண்டும் என்று வந்தவர், இந்தக் கூடத்தில் ஒரு வருஷம் உட்கார்ந்து, இந்தப் பாடத்தில் தோற்று, வீடு திரும்பியவர். ஆனால் அந்த நாற்காலியை அவர் தொட்டதைப் பார்த்தால் ஏதோ பதக்கம் வாங்கிய இடம் போல இருந்தது.

"நீ இங்க ஜெயிப்ப," என்றார்.

"உங்களுக்காகவா?"

அவர் மைதானத்தைப் பார்க்க நடந்தார். பூட்டியிருந்த கம்பி வேலிக்கு வெளியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

மேற்கு வளாகத்துக்கு அவர் வரமாட்டேன் என்றார். அம்மா காரை ஓட்டினாள். நாள் பூராவும் காற்று, சாலையின் இரு பக்கமும் மாட்டுப் பட்டி. அம்மா ஜன்னலை ஏற்றிவிட்டு, "வாசனைக்குப் பழகிடும்," என்றாள். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். எதற்கும் பழகிவிடலாம் என்று நம்புகிறவள்.

உடற்கூறு கற்பிக்கும் பேராசிரியர் லுண்ட் எங்களை வரவேற்கவில்லை. என் மதிப்பெண் தாளை முன்னும் பின்னும் புரட்டினார்.

"வேதியியல்ல ஒரு பருவம் மார்க் குறைஞ்சிருக்கு. ஏன்?"

"மாட்டுக் கண்காட்சி வாரம், சார்."

"நாளைக்கு ஒருத்தன் நெஞ்சப் பிடிச்சிட்டு வருவான். அவன்கிட்டயும் மாட்டுக் கண்காட்சின்னு சொல்லுவியா?"

அம்மா கைப்பையை இறுக்கிக்கொண்டாள். அவர் எழுந்து எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார். பிணங்களை வைத்துப் பாடம் நடக்கும் அறை. பட்டப்படிப்புப் பிள்ளைகளையே இங்கே தொடவிடுகிறார்கள். பெரிய வளாகத்தில் அந்த அறையின் கதவைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை. அவர் ஒரு துணியை விலக்கினார். ஒரு கிழவரின் முழங்கால்.

"வீங்கியிருக்கா?"

"ஆமா, சார்."

"எத வெச்சு சொல்ற?"

"பாத்தா தெரியுது."

"மறு காலப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. அவர் மற்றத் துணியையும் விலக்கினார். இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்தன. அந்த மனிதருக்கு முழங்காலே அப்படித்தான்.

"இல்லாத வீக்கத்துக்கு வைத்தியம் பண்ணியிருப்ப," என்று சொல்லித் துணியை இழுத்துவிட்டார். "போ. வர்றதா இருந்தா ஆகஸ்ட்ல பாக்கலாம். வரலன்னாலும் எனக்கு ஒண்ணும் இல்ல."

திரும்பும்போது அம்மா கேட்டாள். "இப்படி மூஞ்சியில அடிக்கிறாரே, இவருகிட்டயா படிக்கப் போற?"

"ஆமா."

மூன்று மாதம் நான் புரண்டது அந்த ஒரு கேள்வியில் முடிந்தது. பெரிய வளாகத்தில் என்னைப் புகழ்ந்தவரிடம் கணக்கு இல்லை. இவரிடம் கணக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஹார்லோவுக்குத் திரும்ப வேண்டும் என்பது கசந்தது. டாக்டர் ஆகாமல் ஹார்லோவுக்குத் திரும்புவது அதைவிடக் கசந்தது. அப்படித் திரும்பிய ஓர் ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அது படிப்பு இல்லடி. மாட்டுக்குக் காதுல போடற வளையம். உன்ன வாங்கிட்டாங்கன்னு அர்த்தம். அந்த ஜேனல் உனக்கு லீவு குடுப்பா, அந்த ஜேனல் உனக்குச் சம்பளம் பேசுவா. யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"பெரிய இடத்துல விழுந்தாலும் பரவால்ல. இங்க இவங்களுக்கு விலை போகாத."

"பெரிய இடத்துல விழுந்தா என்ன ஆகும்னு தெரியும்ப்பா. பயிர்க் காப்பீடு விக்கலாம்."

அம்மா எழுந்து குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை. அப்பா என்னைப் பார்க்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்த் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டார். அவர் ஒன்றும் சொல்லாததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் என்னைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார்கள். மறுமுனையில் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் ஐவர்சன்.

"டெலேனி, நீங்க பெரிய வளாகத்துல சேர உறுதி பண்ணிட்டீங்கன்னு எனக்குத் தகவல் வந்தது. விசாரிச்சேன். உண்மைதான். விதி உங்களுக்குத் தெரியும். இடம் அடுத்தவருக்குப் போகுது."

"நான் பண்ணல, மேடம்."

"உங்க ஆன்லைன் கணக்குல இருந்துதான் பண்ணியிருக்கு."

எனக்கு உடனே புரிந்தது. கல்வி உதவித் தொகைக்காக அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்ததே அப்பாதான். கடவுச்சொல் எங்கள் செத்துப்போன நாயின் பெயர்.

"எங்க அப்பா பண்ணியிருப்பாரு."

அவர் பெருமூச்சு விட்டார். "வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் மனசு மாறிட்டு, 'எங்கம்மா பொத்தான அழுத்திட்டாங்க, எங்கப்பா அழுத்திட்டாரு'ன்னு வருவாங்க. அதனால ஒரு விதி வெச்சிருக்கோம். அழுத்தினவரு அவரே என்கிட்ட வந்து சொல்லணும். வெள்ளிக்கிழமை உங்க ஊர்ச் சட்டை விழாவுக்கு நான் வர்றேன். அதுக்குள்ள சொல்லட்டும். இல்லன்னா அங்கயே அந்தப் பையனுக்கு அறிவிச்சிடுவேன்."

எப்படி வெளியே தெரிந்தது என்பதும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. சேர்வதாக உறுதி செய்த முதல் வருஷப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கால்பந்துப் பருவச் சீட்டு கிடைக்கும். சொந்தமாக இரண்டு இருக்கைகளைத் தாத்தா வழியில் வைத்திருந்தும், மகள் மாணவர் பகுதியில் உட்கார வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. விற்பனை தொடங்கிய அன்று காலையிலேயே உறுதி செய்யும் பொத்தானை அழுத்திவிட்டார். அழுத்திவிட்டுச் சும்மா இருந்தாரா? பெட்ரோல் பங்கில் போய், "என் பொண்ணுக்குச் சீட்டு எடுத்தாச்சு, வடக்கு முனை, எட்டாம் வரிசை," என்று எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்திருக்கிறார். குடித்தவர்களில் ஜேனலின் கணவரும் ஒருவர். எனக்குச் சமையலறையில் மஞ்சள் பெயின்ட் அடிக்க நினைத்தவள் அன்று மத்தியானமே டாக்டர் ஐவர்சனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

நான் அப்பாவைக் கொட்டகையில் பிடித்தேன். புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டுக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் ஐவர்சனுக்குப் போன் பண்ணுங்க. நான்தான் அழுத்தினேன்னு சொல்லுங்க."

"எதுக்கு?"

"என் இடம் போகுது."

"போகட்டும். உனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன்."

"என் பேர்ல, எனக்குத் தெரியாம பண்ணியிருக்கீங்க. மைதானத்துல இதுக்குப் பேரு என்ன?"

"இது மைதானம் இல்ல. வீடு."

"வீட்டுல ஏமாத்தலாமா?"

அவர் எழுந்தார். முழங்கால் வலித்திருக்க வேண்டும், மேசையைப் பிடித்துக்கொண்டார். "ஏமாத்தினேன்னு சொன்ன, பல்லு போயிடும். ஒரு அப்பன் மகளுக்காக ஒரு பொத்தான அழுத்தினா அது மோசடியா? போய் அந்தப் பொம்பள முன்னாடி கையக் கட்டிட்டு, நான் திருடன்னு சொல்லணுமா? அந்த ஜேனல் முன்னாடி? செத்தாலும் மாட்டேன்."

"அப்ப எனக்கு அப்பா இல்ல."

"சரி. பீஸ் கட்டற அன்னிக்கு ஞாபகம் வெச்சுக்க."

வெள்ளிக்கிழமை வரை இருவரும் பேசவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே தலை. நான் நடுவுல வரமாட்டேன்," என்று சொல்லிவிட்டு இலவங்கப்பட்டை ரொட்டிக்கு மாவு பிசையப் போய்விட்டாள். விழாவுக்கு முந்நூறு பேருக்கு அவள்தான் செய்ய வேண்டும்.

சட்டை விழா எங்கள் ஊர் வழக்கம். கடைசி வகுப்புப் பிள்ளைகளை உடற்பயிற்சிக் கூடத்து மேடையில் ஒவ்வொருவராக ஏற்றுவார்கள். அம்மாவோ அப்பாவோ, பிள்ளை சேரப்போகும் கல்லூரியின் சட்டையைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் தலைவழியாகப் போட்டுவிட வேண்டும். பட்டாளத்துக்குப் போகிறவனுக்குப் பட்டாளச் சட்டை. வயலிலேயே இருக்கப் போகிறவனுக்கு விதைக் கம்பெனிச் சட்டை. போட்டதும் கை தட்டுவார்கள். பிறகு காரசாரமான பீன்ஸ் இறைச்சிக் குழம்பும், தொட்டுக்கொள்ள இனிப்பு ரொட்டியும். அந்த இரண்டும் சேராது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். எங்களுக்குச் சேரும்.

டாக்டர் ஐவர்சன் முதல் வரிசையில் மடியில் ஓர் உறையோடு உட்கார்ந்திருந்தார். அப்பா அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளிச் சிவப்புத் தொப்பியோடு இருந்தார். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அகர வரிசையில் கோல்பி எனக்கு முன்னால். ஜேனல் மேடை ஏறி, பையிலிருந்து மேற்கு வளாகத்தின் சட்டையை எடுத்தாள். இன்னும் யாரும் அறிவிக்கவில்லை. கடைத்தெருவில் எனக்கு வீடு காட்டிய அதே சிரிப்போடு மகனுக்கு அதைப் போட்டுவிட்டாள். கூடம் கை தட்டியது. டாக்டர் ஐவர்சன் தட்டவில்லை. கோல்பி கழுத்தைச் சொறிந்துகொண்டு கீழே இறங்கினான். என்னைத் தாண்டும்போது, "நான் கேக்கல டெல். சத்தியமா," என்று முணுமுணுத்தான்.

"கேக்காம கெடச்சதுதான? போட்டுக்க," என்றேன்.

அடுத்து என் பெயர். நான் ஏறினேன். அப்பா எழுந்து, மடித்து வைத்திருந்த சிவப்புச் சட்டையை உதறிக்கொண்டு வந்தார். புதுச் சட்டை, விலைச் சீட்டைக்கூட எடுக்கவில்லை. சிலர் இப்போதே கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"கையத் தூக்கு."

நான் தூக்கவில்லை.

"டெல். கையத் தூக்கு."

"மாட்டேன்."

"ஊரே பாக்குது."

"பாக்கட்டும்."

அவர் சட்டையை என் தலைவழியாக இறக்கினார். தலை வெளியே வந்தது. கைகள் உள்ளே மாட்டிக்கொண்டன. அவர் ஒரு பக்கம் இழுத்தார், மறு பக்கம் இழுத்தார். கட்டிப்போட்ட மூட்டை போல நான் நின்றேன். பின்வரிசையில் எவனோ விசிலடித்தான். தபால்காரர் சத்தம் போட்டுச் சிரித்தார். மேடைக்கு மேல் தொங்கிய ஒலிவாங்கி அப்பா மூச்சு வாங்குவதைக் கூடம் முழுக்கக் கேட்கவைத்தது.

நான் மெதுவாகத்தான் பேசினேன். அந்த ஒலிவாங்கிக்கு அதுவே போதும்.

"அப்பா, நீங்க நடுவர். தப்பு யார் பண்ணினதுன்னு சொல்லுங்க. நானா?"

"வாய மூடு."

"சித்தப்பாவுக்குச் சொன்னீங்கல்ல? எவன் பண்ணினா என்னன்னு. சொல்லுங்க. நானா?"

சிரிப்பு நின்றுவிட்டது. முதல் வரிசையில் டாக்டர் ஐவர்சன் எழுந்தார். "மிஸ்டர் ஷ்ரேடர், நேராவே கேக்கறேன். பெரிய வளாகத்துல உறுதி பண்ணினது உங்க பொண்ணா, நீங்களா?"

ஜேனல் குறுக்கே எழுந்தாள். "இது விழா. குடும்பச் சண்டையெல்லாம் வீட்டுல வெச்சுக்கட்டும். அவங்க கணக்குல இருந்துதான் போயிருக்கு, அதோட முடிஞ்சது."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் துளியும் அன்பு இல்லை. வேறு எதையோ எதிர்பார்த்து இதை எழுதவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். அவர் சட்டையை விட்டார். தொப்பியைக் கழற்றினார். ஆட்டத்தில் தவறு அறிவிக்கும்போது செய்வதுபோலக் கூட்டத்துக்கு நேராகத் திரும்பி, முதுகை நிமிர்த்தி, கால்களைச் சேர்த்து நின்றார். வலது கை தானாகப் பின்பாக்கெட்டுக்குப் போய், அங்கே மஞ்சள் துணி இல்லாததால் வெறுமனே திரும்பி வந்தது.

"நான்," என்றார். "அவ இல்ல. அவ பேர்ல நான் பண்ணினேன். அவளுக்குத் தெரியாது."

யாரும் கை தட்டவில்லை. டாக்டர் ஐவர்சன் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்து, உறையின் மேல் எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார். அப்பா படிகளில் ஒவ்வொன்றாக இடது காலை இழுத்து இறங்கி, நடுவழியில் நடந்து வெளியே போனார். நான் சிவப்புச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றினேன். அதற்கு மட்டும் கையைத் தூக்க வேண்டியிருந்தது.

மேற்கு வளாகத்தின் சட்டை என்னிடம் இல்லை. கோல்பி மேடைக்குக் கீழே நின்றபடியே தன்னுடையதைக் கழற்றி என்னிடம் எறிந்தான். அவன் அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அதை எனக்குப் போட்டுவிட ஆள் இல்லாததால் நானே போட்டுக்கொண்டேன். அது எனக்கு ரொம்பப் பெரிது.

குழம்பு வரிசையில் யாரும் என் பக்கத்தில் நிற்கவில்லை. தபால்காரர் மட்டும் தட்டோடு வந்தார்.

"பெத்த அப்பன மேடையில நிறுத்திக் கேள்வி கேக்கறவ. நீ டாக்டரா வந்தா நான் வைத்தியத்துக்குப் பக்கத்து ஊருக்குப் போயிடுவேன்."

"போங்க. வழியில அந்த மச்சத்தையும் காட்டிட்டுப் போங்க."

அவர் போய்விட்டார். அம்மா கரண்டியோடு எதிர்ப்பக்கம் நின்று என் தட்டில் இரண்டு ரொட்டி வைத்தாள்.

வீட்டுக்குப் போனபோது அப்பா காரிலிருந்து இறங்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலருகே போனேன். கண்ணாடியைப் பாதி இறக்கினார். நன்றி சொல்லலாம் என்று நினைத்துத்தான் போனேன்.

"சரியான தீர்ப்ப சொன்னேன்," என்றார். "அதுக்காக ஜெயிச்ச பக்கம் எனக்குப் பிடிக்கணும்னு இல்ல."

கண்ணாடியை ஏற்றிவிட்டார். நானும் நன்றி சொல்லவில்லை.

ஆகஸ்டில் அம்மாதான் என்னைக் கொண்டுபோய் விட்டாள். நாங்கள் கிளம்பும்போது அப்பா புல் வெட்டிக்கொண்டிருந்தார். இயந்திரத்தை நிறுத்தவில்லை. கோல்பி பெரிய வளாகத்துக்குப் போய்விட்டான். என் பெயருக்கு எடுத்த பருவச் சீட்டை அப்பா அவனுக்கு விற்றுவிட்டார் என்று அம்மா சொன்னாள். சும்மா கொடுக்கவில்லை, விற்றார்.

மேற்கு வளாகத்தில் காற்றுக்கும் வாசனைக்கும் நான் இன்னும் பழகவில்லை. லுண்டின் வகுப்பில் முதல் தேர்வில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணை அவர் எல்லோர் முன்னாலும் வாசித்தார். இரண்டாவது தேர்வில் வாசிக்கவில்லை. அது அவருடைய பாராட்டு என்று மேல் வகுப்புப் பையன்கள் சொன்னார்கள். ஹார்லோவிலிருந்து அவ்வப்போது என் தொலைபேசிக்குப் படங்கள் வரும். பல், நகம், ஒரு குழந்தையின் முதுகுத் தடிப்பு. பக்கத்து ஊருக்குப் போகிறேன் என்றவரிடமிருந்துகூட ஒன்று வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் அனுப்புவேன்: டாக்டரைப் பாருங்கள். யாரை என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அப்பாவிடமிருந்து ஒரு படம் வந்தது. மே மாதத்துக்குப் பிறகு அவர் எனக்கு அனுப்பிய முதல் செய்தி. எழுத்து ஒன்றும் இல்லை. ஒரு முழங்கால் மட்டும். இடது. பருத்து, தோல் மினுங்கிக்கொண்டிருந்தது.

அப்படியே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்து முடித்தேன். துணி துவைத்தேன். பிறகு எழுதினேன்:

"மறு காலோட படத்தையும் அனுப்புங்க."

பதில் உடனே வந்தது. "எதுக்கு? அதுல ஒண்ணுமில்ல."

"அத நான் சொல்லணும்."

ஆட்டம் நடந்துகொண்டிருந்திருக்கும். பக்கத்து அறைத் தொலைக்காட்சியில் சிவப்பு தோற்றுக்கொண்டிருப்பது எனக்கே கேட்டது. கடைசியில் ஒரு படம் வந்தது. மைதானத்துச் சிமென்ட் படியில் நீட்டிய வலது கால், முழங்கால் வரை சுருட்டிய சிவப்புக் கால்சட்டை, ஓரத்தில் கொட்டிக் கிடந்த சோளப்பொரி.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்து நிதானமாகப் பார்த்தேன். இந்தத் தடவை வீக்கம் நிஜம்தான்.